மௌன மடங்கள் – 6: ஒரு பெட்டி கூட அதிகமில்லை

நார்மண்டியின் லா ட்ராப் மடத்தில் 1664-ல் அதன் மடாதிபதி ரான்சே தொடங்கிய சீர்திருத்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். குறைந்த பேச்சு, இறைச்சியில்லாத சாப்பாடு, உடலுழைப்பு. டிராப்பிஸ்ட் துறவிகளின் வாழ்க்கை அங்கேதான் உருப்பெற்றது. அந்த மரபில் வந்த ஒரு மடம், உலகமே தேடி அலையும் பீரைக் காய்ச்சுகிறது. ஆனால், கூடுதலாகக் காய்ச்ச மாட்டோம் என்றும் சொல்லிவருகிறது. அந்தப் பீரைவிட இந்த மறுப்புதான் என்னை ஈர்க்கிறது.

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது வெஸ்ட்ஃப்ளீடரன் கிராமம். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் கொடிகள் உயரக் கம்பங்களில் படரும் வட்டாரம் அது. அங்கே காட்டில் தனித்துறவியாக வாழ்ந்துவந்த ஜான் பாப்டிஸ்ட் விக்டோருடன் 1831-ல் மோன்-டெ-காட் மடத்துத் துறவிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். புனித சிக்ஸ்துஸ் மடம் பிறந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பீர் காய்ச்சும் வேலையும் தொடங்கிவிட்டது.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பிடித்த பகுதிகளில் மடங்களின் செப்புக் கொப்பரைகள் பறிபோயின. போர்முனைக்கு வெகு அருகில் இருந்தும் இந்த மடம் நேச நாட்டுப் படைகளின் பக்கம் இருந்தது. கொப்பரைகள் தப்பின. அடுப்பும் அணையவில்லை.

இங்கே நாள் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். இருட்டில் எழுந்து முதல் வழிபாடு; இரவுக்குள் ஏழு முறை ஆலயத்தில் கூடித் திருப்பாடல்களைப் பாடுவார்கள். அந்த வேளைகளுக்கு நடுவில் கிடைக்கும் நேரம்தான் வேலைக்கு. முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். ஆறியதும் வெஸ்ட்மாலே மடத்திலிருந்து வரவழைத்த ஈஸ்டைக் கலந்து நொதிக்க விடுகிறார்கள். பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. மொத்தம் மூன்றே வகைகள். அவற்றில் கடுமையானதான '12'-இல் 10.2 சதவீதம் ஆல்கஹால். பாட்டிலில் நெடுங்காலம் லேபிளே இருந்ததில்லை. மூடியின் நிறத்தை வைத்துத்தான் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

துறவிகளுக்கு எதற்கு மது வியாபாரம் என்று கேட்கலாம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல்தான் இவர்களுக்குச் சட்டம். தம் கைகளின் உழைப்பால் வாழ்பவரே உண்மையான துறவி என்கிறது அதன் 48-வது அதிகாரம். 57-வது இன்னும் வியப்பானது: மடத்தில் செய்த பொருளை விற்கும்போது பேராசை நுழைந்துவிடக் கூடாது, வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்கிறது.

இந்த விதிக்கு 2005-ல் சோதனை வந்தது. பீர்களை மதிப்பிடும் இணையதளம் ஒன்றின் வாசகர்கள் இவர்களுடைய '12'-ஐ உலகின் சிறந்த பீராகத் தேர்ந்தெடுத்தார்கள். மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின, இருப்பு தீர்ந்தது. வேறு எவராக இருந்தாலும் ஆலையைப் பெரிதாக்கியிருப்பார்கள். துறவிகளோ விற்பனையை இறுக்கினார்கள். தொலைபேசியில் முன்பதிவு, கார் எண்ணைச் சொல்ல வேண்டும், ஒரே வண்டிக்கு 60 நாளுக்கு ஒருமுறைதான், மறுவிற்பனை கூடாது. 2019-ல் தொலைபேசியின் இடத்துக்கு இணையப் பதிவு வந்தது. உற்பத்தி மட்டும் பெருகவில்லை. மடம் நடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் காய்ச்சுவது என்பதில் அவர்கள் அசையவில்லை. ஒரு முறை, மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது, 2011-ல் கடைகள் வழியாகச் சிறப்பு விற்பனை நடத்தினார்கள். தேவை தீர்ந்ததும் பழையபடி மடத்து வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இப்படி வாழ்வதற்கு முதலில் துறவிகள் வேண்டும். ஐரோப்பாவில் அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். டிராப்பிஸ்ட் முத்திரை பெற, மடத்துக்குள்ளேயே துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சியிருக்க வேண்டும். 1997-ல் அமைந்த சர்வதேச டிராப்பிஸ்ட் சங்கத்தின் நிபந்தனை இது. பெல்ஜியத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஆகெல் மடத்தில் துறவிகளே இல்லாமல் போக, அதன் பீர் 2021-ல் முத்திரையை இழந்தது. அடுத்த வாரம் ஆகெலுக்குப் போவோம்.

(தொடரும்)