நரம்பு அறுந்தால் தசையின் குணமே மாறுமா?

புதுச்சேரி வைத்திக்குப்பம், மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பேர்போன கடற்கரை. மற்ற நாட்களில் மீனவர்களின் வேலையிடம். ஆடும் படகில் மணிக்கணக்கில் நிற்கணும். வலை கனத்தால் சட்டென இழுக்கணும். இந்த இரண்டு வேலைக்கும் நம் உடலில் இரண்டு வகைத் தசை இழைகள் இருக்கின்றன.

மெதுவா, வேகமா?

மெது இழைகள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி நெடுநேரம் சோராமல் உழைக்கும். வேக இழைகள் பட்டென்று பலம் காட்டும், சீக்கிரம் களைத்துவிடும். பெரும்பாலான தசைகளில் இரண்டும் சதுரங்கக் கட்டங்கள் மாதிரி கலந்தே இருக்கும்.

முடிவு செய்வது யார்?

பெரும்பாலும் நரம்புதான். 1960-ல் ஜான் எக்கிள்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பூனைக் காலில் மெதுத் தசையின் நரம்பையும் வேகத் தசையின் நரம்பையும் இடம் மாற்றி இணைத்தார்கள். மெதுத் தசை வேகமெடுத்தது. வேகத் தசை மெதுவானது!

நரம்பு அறுந்தால்?

சிக்னல் நின்றதும் இழைகள் மெலியத் தொடங்கும். மெதுத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வேக இழையின் பக்கம் சாயும்; சோராமல் உழைக்கும் தன்மை குறையும்.

நரம்பு திரும்ப வளர்ந்தாலும் எல்லாம் பழையபடி ஆகாது. வந்து சேரும் ஒவ்வொரு நரம்பு இழையும் கிளைவிட்டு, பக்கத்திலுள்ள தசை இழைகளைப் பிடித்து, தன் வகைக்கு மாற்றிக்கொள்ளும். சதுரங்கக் கட்டங்கள் போய், ஒரே வகை இழைகள் கொத்துக் கொத்தாகச் சேரும். தசை பயாப்ஸியில் இந்தக் கொத்துகள் தெரிந்தால், நரம்பு பாதித்து மீண்டிருக்கிறது என டாக்டர்கள் ஊகிப்பார்கள்.

ஏன் அவசரம்?

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கை அருகே அறுந்தால், உள்ளங்கைத் தசைகளை எட்ட 10 மாதங்கள்கூட ஆகலாம். ஒன்றரை ஆண்டு வரை நரம்பு வந்து சேராவிட்டால், தசையில் கொழுப்பும் நார்த்திசுவும் படிந்து, மீள்வது ரொம்பக் கஷ்டம்.

அதனால், மீன் வெட்டும் கத்தியோ கண்ணாடியோ கையைக் கிழித்த பிறகு விரல் மரத்துப்போனாலோ, மடக்க, விரிக்க முடியாவிட்டாலோ, தையல் போட்டாச்சு என்று விட்டுடாதீங்க. நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்க. நரம்பைத் தைத்து இணைக்கும் வேலை பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்களுடையது. கோரிமேடு ஜிப்மரில் அந்தப் பிரிவு இருக்கிறது. காயத்தில் தோல் ஆறிவிடும்; தசை காத்திருக்காது.