வயலோரத்து வண்ணத்துப்பூச்சிக் குறிப்பேடு

மாலை மயங்கும் வேளையில் நெல்வயல் வரம்பிலே கபில நிறமான வண்ணத்துப்பூச்சியொன்று தாழப் பறந்து சருகினிடையே அமர்ந்து மறைவதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். மாரிகாலத்தில் இதன் சிறகின் அடிப்புறத்திலே கண்போன்ற வட்டப் பொட்டுகள் தெளிவாகத் தோன்றும். வரட்சிக் காலத்திற் பிறக்கும் பூச்சியிலோ அப்பொட்டுகள் மங்கிப்போக, சிறகு காய்ந்த இலையையே ஒத்திருக்கும். பார்ப்பவர் இரண்டையும் வெவ்வேறு இனமெனக் கொள்வர். திகதியிட்டுக் குறித்து வந்தவருக்கே இரண்டும் ஓரினத்தின் இரு பருவ வடிவங்கள் என்பது புலப்படும். இதன் பச்சைப் புழு நெல்லிலையைத் தின்று வளர்வது. தலையில் இரு கொம்புகள் உண்டு.

இலங்கையில் 240க்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சியினங்கள் உள. இவற்றைப் பற்றிய அறிவிற் கணிசமான பகுதி, வேறு தொழில் செய்தோர் ஓய்வு வேளையிற் சேர்த்ததாகும். 1942 இல் ஹென்றி என்பவருடன் இணைந்து இவற்றைப் பற்றிய நூலை வெளியிட்ட உட்ஹவுஸ், நில அளவைத் திணைக்களத்தின் தலைவராயிருந்தவர். விடியலிலும் மாலையிலும் வயலில் நிற்கும் கமக்காரருக்கோ அவரினும் வாய்ப்பு அதிகம்.

வலை வேண்டியதில்லை; பல இனங்கள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. கொப்பியும் பென்சிலும் போதும். திகதி, நேரம், இடம், செடி ஆகியவற்றுடன் பூச்சி என்ன செய்தது என்பதையும் எழுதுதல் வேண்டும். இதனைப் பலர் விட்டுவிடுவர். தேனுண்ட செடி வேறு, முட்டையிட்ட செடி வேறு. தேசியின் இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும் கருமஞ்சட் பூச்சியின் இளம்புழு, பறவையின் எச்சம்போலிருக்கும்; வளர்ந்தபின் பச்சையாகும். தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவைக்கொம்பை நீட்டி நாற்றம் வீசும்.

பெயர் தெரியாவிடில் ஊகித்து எழுதலாகாது; தோற்றத்தை மட்டும் எழுதுக. நெல்லிலையை மடித்து வாழும் புழுக்களுள் ஒன்று வண்ணத்துப்பூச்சியாகும், மற்றொன்று அந்துப்பூச்சியாகும். இலையிற் பச்சையைச் சுரண்டி வெண்கோடுகளை விடுவது அந்துப்பூச்சியின் புழுவே. ஐயமெனிற் புழுவை அவ்விலையுடன் போத்தலிலிட்டு, வாயைத் துணியாற் கட்டி, நாள்தோறும் புதிய இலையிட்டு, சிறகு முளைக்கும்வரை காத்திருத்தல் நன்று. மடிந்த இலையைக் கண்டவுடன் நாசினிக்கு ஓடுவோர் இதைச் செய்வதில்லை.

அயற்கமக்காரர் நால்வர் தத்தம் கொப்பிகளை ஆண்டிறுதியில் ஒன்றுசேர்த்தால் ஊருக்கொரு பட்டியல் உருவாகும். ஒன்றும் காணாத நாளையும், நாசினி தெளித்த நாளையும் அதே கொப்பியிற் பதிதல் வேண்டும். தெளித்தபின் எத்தனை நாளில் முதற்பூச்சி திரும்பியது என்பது அப்பக்கங்களிலிருந்தே தெரியவரும்.