பெயரிழந்த துவிச்சக்கர வண்டி

1990களில் எரிபொருள் தடைப்பட்டபோது வன்னியில் நெல்லும் விறகும், ஏன், நோயாளருங்கூடத் துவிச்சக்கர வண்டிகளிலேயே சென்றனர். அவற்றுட் பாட்டனார் காலத்து வண்டிகளும் இருந்தன. அத்தகையதொன்று இன்று கொட்டிலிற் கிடப்பின், அதன் குலம் யாது? முன்புறச் சின்னம் கழன்றிருக்கும். வர்ணமோ பலமுறை பூசியது. ஆகவே, மிதிகட்டையோடு சுழலும் பற்சில்லையே நாம் முதலில் நோக்குவோம். அதிற் கொக்குத் தலைகள் தெரிந்தால் நொட்டிங்காம் நகரத்து றலி. விரித்த கை தெரிந்தால் றட்ஜ். ஐந்து மனித உருவங்கள் தெரிந்தால் ஹம்பர். (ஹம்பர் 1932இலும் றட்ஜ் 1943இலும் றலியின் வசமாயின. எனவே உறவினர்தாம்!) மூன்று கியர் வண்டியாயின், ஸ்டர்மி ஆர்ச்சர் பின்சில்லுக் குடத்தில் ஆண்டும் பொறித்திருக்கும்: 56 எனில் 1956. குடம் பின்னர் மாற்றியதாகவும் இருக்கலாம். பழைய இரும்பு வாங்குவோர் தராசைத் தூக்குமுன், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அவ்விடங்களைத் துடைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.