பள்ளிப் பிள்ளைகளின் பாதமும் நிற்கும் நிலையும்

கோகுலாஷ்டமியன்று அரிசிமாவைக் கரைத்து, மூடிய கையின் பக்கவாட்டை அதில் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல் நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்து, வாசற்படியிலிருந்து பூஜையறை வரையில் நம் வீட்டுப் பெண்கள் வரையும் பாலகிருஷ்ணனுடைய பாதச்சுவடுகளைக் கூர்ந்து பார்த்தவர்கள், ஒவ்வொரு சுவட்டின் உட்புறமும் அழகாகக் குழிந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். சில வீடுகளில் கைக்குப் பதிலாக, நடை பழகும் குழந்தையின் காலையே மாவில் தோய்த்து நடக்க விடுவதும் உண்டு. அப்போது விழும் சுவட்டிலோ அந்தக் குழிவைக் காண முடியாது, குதிகால் முதல் விரல் வரையில் இடைவெளியின்றி முழுவதும் மாவாகவே பதிந்திருக்கும். கை வரைந்தது வளர்ந்த மனிதனுடைய பாதத்தின் சாயல். குழந்தையின் மெய்யான பாதம் தட்டையானது. இந்த வேற்றுமையை எண்ணிப் பாராத காரணத்தால்தான், குளித்துவிட்டு வரும் ஐந்து வயதுப் பிள்ளையின் ஈரக்கால் சிமெண்டுத் தரையில் முழுமையாகப் பதிவதைக் கண்ட பெற்றோர் பலர், இது ஏதோ ஊனத்தின் ஆரம்பம் என்றும், பிற்காலத்தில் முதுகு வளைந்துவிடும் என்றும், பையனைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் பலவாறாகக் கலங்கி, வைத்தியசாலைக்கும் செருப்புக் கடைக்குமாக அலைகிறார்கள்.

பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட நார்களும் இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து உள்ளங்காலின் உட்புறத்தில் எழுப்புகிற வளைவு, நிற்கும்போது சற்றே தாழ்ந்து பாரத்தை வாங்கிக்கொண்டும், அடியெடுக்கும்போது நிமிர்ந்து உடலை முன்தள்ளியும் ஓயாமல் உழைப்பது. ஆனால் இது பிறவியிலேயே ஆயத்தமாக வருவதன்று. குழந்தையின் உள்ளங்காலில் வளைவு இருக்கவேண்டிய இடத்தைக் கொழுப்புத் திண்டு ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. எலும்புகளுள் பல வெறும் குருத்தெலும்புகளாக இருக்கின்றன. வளைவின் உச்சியில் அமைந்த படகெலும்பு எலும்பாக இறுகத் தொடங்குவதே இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான். லின் ஸ்டாஹெலி என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரும் அவருடைய சகாக்களும் 882 பாதங்களைப் பரிசீலித்து 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, தட்டைப் பாதம் சிசுக்களிடம் வழக்கமானது, பிள்ளைகளிடம் சாதாரணமானது, வளர்ந்தவர்களிடங்கூட இயல்பின் எல்லைக்குள் அடங்குவது என்பதாகும். ஆஸ்திரியாவில் மூன்று முதல் ஆறு வயது வரையிலான 835 குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மூன்று வயதினரில் 54 சதவீதத்தினருக்கு இருந்த தட்டைத்தன்மை ஆறு வயதினரில் 24 சதவீதமாகக் குறைந்திருந்தது. அவர்களுள் உண்மையில் நோய் என்று சொல்லத்தக்கது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆகவே முதல் வகுப்பில் நுழையும் பிள்ளையின் பாதம் இன்னும் முற்றுப்பெறாத ஒரு கட்டடம். கூரை வேயப்படவில்லை என்று அதைக் குறைகூறுவது நியாயமாகாது.

பாதம் எப்படித் தோன்றுகிறது என்பதைவிட அது எப்படி வேலை செய்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. இதை அறிவதற்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பிள்ளையை வெறுங்காலோடு நிறுத்திப் பின்புறமாக உட்கார்ந்து பாருங்கள்: தட்டைப் பாதமானால் கணுக்கால் உட்பக்கம் சரிந்து, குதிகால் வெளிப்பக்கம் ஒதுங்கியிருக்கும், சில சமயம் சுண்டுவிரல்களும் வெளியே எட்டிப் பார்க்கும். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முன்காலில் எம்பி நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கணத்திலேயே குதிகால் உட்பக்கம் திரும்பி, இல்லையென்று நினைத்த வளைவு எழுந்து நிற்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் உறுதியான நார்த்தகடு, பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது இழுபட்டு வளைவைத் தூக்கிவிடுகிறது; இந்த நுட்பத்தை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தெளிவாக விளக்கிக்காட்டினார். இப்படி எழுந்து நிற்கும் பாதம் இணக்கமான தட்டைப் பாதம். அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. பட்டாளத்தைப் பற்றிய அச்சத்துக்கும் இதுவே பதிலாகும்: இந்திய ராணுவத்தின் உடற்தகுதி விதிகளே, முன்காலில் நிற்கும்போது வளைவு மீண்டும் தோன்றி, துள்ளவும் ஓடவும் முடிந்து, பாதம் வலியின்றி நெகிழ்வாக இருக்குமானால் அப்படிப்பட்ட தட்டைப் பாதத்தை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கனடா நாட்டுச் சிப்பாய்கள் 3,600 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த ஹாரிஸ், பீத் என்னும் இருவரும், துன்பம் தருவது வெறும் தட்டைத்தன்மையன்று, அதனோடு குதிநாண் குறுகியிருப்பதே என்று 1947இலேயே வகைப்படுத்தி வைத்தார்கள்.

இத்தனை தெளிவுக்குப் பிறகும் வளைவைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் ஆசை மட்டும் மனிதரை விட்டபாடில்லை. 1741இல் பாரிஸ் நகரத்து நிக்கோலா ஆந்ரி என்ற மருத்துவர் குழந்தைகளின் அங்கக்கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் பற்றி எழுதிய நூலில், கோணலாக வளர்ந்த ஓர் இளமரத்தைக் கழியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவைத்த சித்திரம் ஒன்று இருக்கிறது. இன்றுவரை உலகத்து எலும்பு மருத்துவச் சங்கங்கள் பலவற்றின் முத்திரை அதுதான். கழியும் கயிறும் காலப்போக்கில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸாகவும், உள்ளே மேடு வைத்த பாதத்தாங்கிகளாகவும் உருமாறின. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவற்றைச் சுமந்தார்கள். பிள்ளை வளர வளர வளைவும் தோன்றவே, பூட்ஸ்தான் அதைச் செய்தது என்று பெற்றோரும் நம்பினர், மருத்துவரும் நம்பினர். அந்த நம்பிக்கையை அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வெங்கர் முதலிய மருத்துவர்கள் நேர்மையாகச் சோதித்தார்கள்: ஒன்று முதல் ஆறு வயது வரையிலான 129 குழந்தைகளைப் பிரித்து, ஒரு தொகுதியினரைச் சும்மா விட்டு, மற்றவர்களுக்குத் திருத்தப் பூட்ஸும் குதிக்கிண்ணமும் அளவெடுத்துச் செய்த தாங்கியும் அணிவித்துக் குறைந்தது மூன்றாண்டு கவனித்து, கடைசிவரை இருந்த 98 பேரின் முடிவை 1989இல் வெளியிட்டார்கள். எல்லாத் தொகுதியினருடைய பாதமும் தேறியிருந்தது. சும்மா விடப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பேதமே இல்லை. வலியுள்ள பிள்ளைக்குத் தாங்கி ஓரளவு ஆறுதல் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. வலியே இல்லாத பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாட்டிவிடுவது, என் அபிப்பிராயத்தில், பெற்றோருடைய கவலைக்குச் செய்யும் வைத்தியமே அன்றிப் பிள்ளைக்குச் செய்வதன்று.

இந்த விஷயத்தில் உலகம் திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று நமக்கு அண்டையிலேயே நடந்தது. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவரும், நான்கு முதல் பதின்மூன்று வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதச்சுவடுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 1992இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களிடம் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் 2.8 சதவீதம். அணிந்தவர்களுக்குள்ளும் விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடமே அது மிகுதியாகவும், சாண்டலும் செருப்பும் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்த பிள்ளைகளிடத்தில் இந்த வேற்றுமை இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. வளைவு உருவாவதற்கு முக்கியமான காலம் ஆறு வயதுக்கு முற்பட்டதென்றும் அவர்கள் கருதினார்கள். மூன்றாண்டு கழித்து, வளர்ச்சி முடிந்த 1,846 பேரைச் சோதித்தபோது, ஆறு வயதுக்கு முன்பே ஷூ அணியத் தொடங்கியவர்களிடம் 3.24 சதவீதமாக இருந்த தட்டைப் பாதம், பதினாறு வயதுக்குப் பின் தொடங்கியவர்களிடம் 1.75 சதவீதமாகவே இருந்தது. இத்தகைய கணக்குகள் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைச் சொல்லுமேயன்றி, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சாதித்துவிட மாட்டா என்பதையும், தட்டையாக இருப்பதும் துன்பப்படுவதும் வேறு வேறு என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். இருந்தாலும், மூன்று வயதுக் குழந்தைக்குக் கறுப்பு ஷூவும் சாக்ஸும் மாட்டினால்தான் படிப்பு ஏறும் என்று நம்பும் நம் மழலையர் பள்ளிகளின் சீருடைச் சம்பிரதாயம், சித்திரை வெயிலிலும் கால்கள் வியர்வையில் ஊறப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை ஒழுங்கென்று கொண்டாடுவது, மறுபரிசீலனைக்கு உரியது. அதற்காகத் தெருவில் வெறுங்காலோடு திரியச் சொல்வதாகக் கொள்ளலாகாது. முள்ளும் கண்ணாடித்துண்டும், அசுத்தமான மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழுவும் கற்பனையல்ல. வீட்டுக்குள்ளும், சுத்தமான மைதானத்து மணலிலும் பாதத்துக்கு விடுதலை இருந்தால் போதும்.

இனி நிற்கும் நிலையைப் பற்றி. பாதம் உட்சரிந்தால் கணைக்கால் உட்புறம் சுழலும், அதைத் தொடர்ந்து தொடையும், இடுப்பு சற்றே முன்சாயும் என்பது சோதனைச்சாலையில் அளந்து காணப்பட்டதே. ஆனால் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய், பிள்ளையின் கூனுக்கும் கழுத்து வலிக்கும் பாதத்தைக் குற்றவாளியாக்குவது அளவுமீறிய வாதம். வயதுக்கு வயது உடலின் கோடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நடக்கத் தொடங்கும்போது கால்கள் வெளிப்புறம் வளைந்திருக்கும். மூன்று நான்கு வயதில் அதற்கு நேர்மாறாக முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஏழு வயதையொட்டி நேராகிவிடும். தொப்பையைத் தள்ளிக்கொண்டு, இடுப்பை உள்வாங்கி நிற்பதும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இயல்பான தோற்றமே. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது மட்டும் வேறு விஷயம்: இளம்பருவத்தினர் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு, பெரிய வளைவானால் பெண்பிள்ளைகளுக்கே மிகுதியாக, அது நேர்கிறது. 1865இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் விவரித்த முறைப்படி, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், விலாவின் ஒருபுறம் மேடிட்டுத் தெரியும். அதற்குப் பெஞ்சும் புத்தகப் பையும் காரணம் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்தியவர்கள் நம்பியது சரியன்று.

பை வளைவை உண்டாக்காது என்பதால் அது நிரபராதியாகிவிடவில்லை. சுமை உடல் எடையில் பதினைந்து, இருபது சதவீதமாக ஏறும்போது, பின்னால் இழுக்கும் பாரத்துக்கு ஈடுகொடுக்க உடம்பு முன்னே சாய்கிறது, தலை இன்னும் முன்னே நீளுகிறது, உள்ளங்காலின் அழுத்தமும் கூடுகிறது. நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் 1989இல் ராஜ்யசபையில் நியமன உறுப்பினராக எழுந்து பேசியது பள்ளிப்பையின் பாரத்தைப் பற்றித்தான். மாணவர்களின் படிப்புச் சுமையை ஆராய அமைக்கப்பட்ட யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவனுடைய எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாதென்றும், மழலையர்க்குப் பையே கூடாதென்றும் வரையறுத்தது. இருபத்தெட்டுக் கிலோ எடையுள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதன்படி கிடைப்பது 2.8 கிலோ; அதில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலே ஒரு கிலோவை எடுத்துக்கொள்ள, டிபன் பாக்ஸும் பையின் சொந்த எடையும் போகப் புத்தகங்களுக்கு மிஞ்சுவது என்னவென்று பெற்றோர் வீட்டுத் தராசிலேயே பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது தாய்மார்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஜூன் மாதத்து ஷூக் கடைகளில், “தம்பி, ரெண்டு சைஸ் பெரிசாவே குடுங்க, வளர்ற பிள்ளை” என்று கேட்டு வாங்குவதிலும் ஒரு தீமை இருக்கிறது. பள்ளி வயதில் பாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மிகப் பெரிய ஷூவில் குதிகால் நழுவாமலிருக்க விரல்கள் தரையைப் பற்றிச் சுருங்கிக்கொள்கின்றன, சென்ற வருஷத்து ஷூவிலோ அவை நெருக்குண்டு மடங்குகின்றன. நின்ற நிலையில், நீளமான விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருந்தால் சரியான அளவு. அடிப்பாகம் விரல்கள் மடங்கும் இடத்தில் வளையவேண்டும். நடுவில் மடிந்தால் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மருத்துவரைத் தேடவேண்டிய பாதங்கள் சில உண்டு. எம்பி நிற்கும்போதும் வளைவு எழாத விறைத்த பாதம், ஒரு காலில் மட்டும் காணும் தட்டைத்தன்மை, எட்டு வயதுக்குமேல் அடிக்கடி கணுக்கால் பிசகி வலிக்கும் பாதம் ஆகியவற்றில், தனித்தனியே இருக்கவேண்டிய எலும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறதென்று அழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 1912இல் ஜேம்ஸ் செவர் விவரித்த, குதியெலும்பின் வளர்ச்சித்தட்டு நோவே காரணம். சிலகாலம் ஓய்வெடுத்தால் அது தணியும். எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது தட்டைப் பாதமன்று, அதற்கு நேர்மாறாக, வளைவு மிகுதியாக உயர்ந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கிய பாதம். பார்ப்பவர்கள் அழகென்று விட்டுவிடும் அந்தப் பாதத்துக்குப் பின்னே பலமுறை நரம்பு நோய் ஒளிந்திருக்கிறது. ஆகையால்தான் அனுபவமுள்ள மருத்துவர் அத்தகைய பிள்ளையைக் கண்டதும் சட்டையைக் கழற்றச் சொல்லி, இடுப்புக்கு மேலே முதுகின் நடுக்கோட்டில் மயிர்க்கற்றையோ சிறு குழியோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கூட வந்த தகப்பனாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி அவருடைய பாதத்தையும் பரிசோதிக்கிறார்.