கையுறைக்கு முன் கைப்பிடி

கரைவலை இழுப்பவர் முழு உடம்பாலும் இழுக்கிறார். ஆனால் கயிற்றைப் பற்றியிருப்பவை விரல்கள்தான். நனைந்த வலையின் பாரமெல்லாம் அவற்றின் சின்னஞ்சிறு மூட்டுகள் வழியாகவே தோளுக்கும் இடுப்புக்கும் போகிறது. இழுத்து முடிந்த பிறகும் கைக்கு ஓய்வில்லை. வாடிக்குள் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கிழிசல் பொத்த வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிக் கையை நம்பிய பிழைப்புகள் ஏராளம். பன் பாய் இழைப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்தே தையல் தைப்பவர்கள் இருக்கிறார்கள், மீன் வெட்டிக் கருவாடு போடுபவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் தேங்காய் திருவ வேண்டும், இடியப்பம் பிழிய வேண்டும், உடுப்புத் தோய்த்து முறுக்க வேண்டும். “விடியக் கை உளையுது, விரல் மடக்க ஏலாமக் கிடக்கு” என்ற பேச்சு ஐம்பதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளில் சாதாரணம்.

அதைத் தொலைபேசியில் கேட்கும் பிள்ளைகள் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு சோடி அழுத்தக் கையுறையை வாங்கி அனுப்புகிறார்கள். விரல்நுனி திறந்திருக்கும், உள்ளங்கையையும் விரல் மூட்டுகளையும் இதமாக இறுக்கிப் பிடிக்கும். நைலோனோடு இலாஸ்டேன் இழை கலந்த துணி அது. இலாஸ்டேனை 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர். இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு அந்த இழுபடும் துணி நன்றாகவே பழக்கம்.

இறுக்கினால் நோ எப்படிக் குறையும்? அழற்சி கண்ட மூட்டைச் சுற்றி நீர் கோக்கிறது. பகலில் கை அசையும்போது தசைகள் அந்த நீரை நாளங்களுக்குள் தள்ளிவிடும். இரவில் கை அசையாமல் கிடப்பதால் அது தேங்கிவிடுகிறது. காலையில் விரல்கள் தடித்து மடங்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து மெல்லிய அழுத்தம் கொடுத்தால் நீர் தேங்குவது குறையும் என்பதுதான் கையுறையின் அடிப்படை எண்ணம். அதனால்தான் இதை இரவில் அணியச் சொல்வதுண்டு. துணி தரும் சூடும் விறைத்த தசைநார்களை இளக்குகிறது. இன்னொன்று, தொடுகை. நோவைக் கடத்தும் நரம்புச் செய்திகளும் தொடுகைச் செய்திகளும் முதுகுத்தண்டில் சந்திக்கும் இடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருக்கிறது, தொடுகை பெருகினால் நோ உள்ளே போவது குறைகிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் 1965இல் முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதற்கும் இதுவே விளக்கம்.

கோட்பாடு இப்படியிருக்க, சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை வேறு. பிரித்தானியாவில் அலிசன் ஹாமண்ட் தலைமையில், முடக்குவாதம் போன்ற அழற்சி மூட்டுநோய் உள்ள 206 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இறுக்கமான கையுறை. மற்றவர்களுக்குத் தளர்வான கையுறை. 12 வாரங்களின் பின் பார்த்தால், கைநோவிலும் விறைப்பிலும் இரு பகுதியினருக்கும் கிடைத்த பலன் ஏறத்தாழ ஒன்றுதான். அழுத்தம் தனியாக எதையும் கூட்டித் தரவில்லை. ஆறுதல் தந்தது பெரும்பாலும் சூடும், கையை ஏதோ ஒன்று அணைத்திருக்கிறது என்ற உணர்வுமாக இருக்க வேண்டும்.

நம் ஊருக்கு இந்த முடிவு மிக முக்கியமானது என்பேன். குளிர்நாட்டில் கைக்குச் சூடு தருவது ஒரு சிகிச்சை. சராசரி வெப்பம் 28 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் திருகோணமலையில், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், கைக்கு வேண்டிய சூட்டை வெயிலே தந்துவிடுகிறது. வேர்த்துக் கொட்டும் கையில் நைலோன் உறையை மாட்டிக்கொண்டிருந்தால் தோல் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். கடல்நீரும் மீன் செதிலும் படும் வேலையில் அது கூடவே கூடாது. அடுப்படியிலும் வேண்டாம், நைலோன் நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிவிடும். மார்கழி வாடையில், மழை விடாத விடியற்காலையில், படுக்கையிலோ தையல் வேலையிலோ அணிந்தால் நியாயம் உண்டு. கையுறை இல்லாதவர்கள் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, விரல்களை மெல்ல விரித்து மடக்கலாம்.

கையுறையால் மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் வேலையின் பாரம். பெருவிரலை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியால் ஒரு பொருளை 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை இறங்குகிறது என்று கூனி, சாவோ என்ற இருவர் 1977இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கிணற்றுத் துலாவைப் போன்ற நெம்பு அமைப்பு இது: நுனி நீளம், தசை இழுக்கும் இடமோ அடிக்கு மிக அருகில். ஊசியைக் கிள்ளிப் பிடிப்பதும், பன்னை இறுக்கி இழைப்பதும், இடியப்ப உரலை அமுக்குவதும், ஈரச் சாறத்தை முறுக்கிப் பிழிவதும் அந்த மூட்டைத்தான் தேய்க்கின்றன. மூட்டுத் தேய்வு அங்கே இத்தனை பேருக்கு வருவதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் கைப்பிடியைத் தடிப்பாக்குங்கள். வலை ஊசியிலும் கத்தியிலும் திருவலைப் பிடியிலும் பழைய சைக்கிள் டியூப்பையோ துணியையோ சுற்றினால் விரல்கள் அவ்வளவு இறுக்கிக் கிள்ள வேண்டியதில்லை. உடுப்பைக் குழாயில் போட்டு இரு முனையையும் சேர்த்து முறுக்கலாம், அல்லது பிழியாமலே தொங்கவிடலாம். இந்த வெயிலுக்குக் காய்ந்துவிடும். ஒரே வேலையை மணிக்கணக்கில் செய்யாமல் இடையிடையே மாற்றிச் செய்வதற்குக் காசு செலவில்லை. கை மூட்டுத் தேய்வுக்கான ஐரோப்பிய வாதநோய் அமைப்பின் 2018 பரிந்துரைகளும் இப்படி வேலைமுறையை மாற்றுவது, கைப்பயிற்சி, பெருவிரல் அடிக்கான தாங்குபட்டை, மேலே பூசும் நோமருந்து ஆகியவற்றையே முன்னால் வைக்கின்றன. முடக்குவாதக்காரர்கள் 490 பேரிடம் நடந்து 2015இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், முறையாகச் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சி 12 மாதங்களின் பின்னும் பயன் தந்தது. கையுறைக்கு அப்படியொரு சான்று இல்லை.

செம்பு நூல் கலந்தது என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம். செம்புக் காப்பு அணிந்த 70 முடக்குவாத நோயாளிகளை வைத்து யோர்க் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் அதற்குப் பலன் ஏதும் காணப்படவில்லை.

வீங்கிய கைக்குக் கையுறை ஓரளவு இதம் தரலாம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு கிழக்கில் சிக்குன்குனியா பரவியது. அந்தக் காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு விரல் மூட்டுகளில் மாதக்கணக்கில் வீக்கமும் நோவும் தங்கிவிடும்; அப்படிப்பட்டவர்கள் அணிந்து பார்க்கலாம். ஆனால் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் உணர்வற்று மரத்து, கையை உதறிக்கொண்டு எழும்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். மணிக்கட்டின் குறுகலான குகைக்குள் ஒரு நரம்பும் 9 தசைநார்களும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே நரம்பு நசுங்குவதால்தான் விரல்கள் இப்படி மரக்கின்றன. மணிக்கட்டில் இறுகும் கையுறை அதைக் கூட்டிவிடும். இவர்களுக்கு வேண்டியது இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. யார் அணிந்தாலும் விரல்நுனி நீலமானாலோ குத்திக் குத்தி உளைந்தாலோ உடனே கழற்ற வேண்டும்.

காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் ஒரே மூட்டுகள் வீங்கினால் கையுறையைத் தேடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உண்டு. நோய் தொடங்கிய முதல் மாதங்களிலேயே எடுத்தால் மூட்டு அரிபடுவதைத் தடுக்கலாம், அரிபட்ட மூட்டை எந்த மருந்தும் திரும்பத் தராது.