வளவுக்குள் இறங்கும் அரிய பறவைகள்

பறவையியலில் ‘அரிய பறவை’ என்பது உலகில் எண்ணிக்கை குறைந்துபோன இனத்தை மட்டும் குறிப்பதன்று. ஓரிடத்தில் மலிந்து திரியும் பறவை தன் வழக்கமான எல்லையைத் தாண்டிக் காணப்படும்போது, அந்த இடத்துக்கு அதுவும் அரியதே. தமிழ்நாட்டில் மின்கம்பிகள்தோறும் அமர்ந்திருக்கும் கரிச்சான், இலங்கையில் பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு வறள்நிலங்களோடு நின்றுவிடுவதால், யாழ்ப்பாணத்தில் எவரும் திரும்பிப் பாராத அப்பறவை காலியில் தென்பட்டால் பதிவுக்குரிய செய்தியாகிவிடுகிறது.

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன்குளத்தை அண்டியுள்ள ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் குளமும் வயலும் காடும் வளவுகளும் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பதால், அரிய பறவையைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டிய தேவை இல்லை. சைபீரியா முதலிய வடபுலங்களிலிருந்து இந்தியா ஊடாக வரும் மத்திய ஆசிய வலசைப் பாதை, அதாவது பருவந்தோறும் பறவைகள் போய்வரும் வான்வழி, இலங்கையோடு முடிகிறது. தெற்கே இருப்பது பெருங்கடல் மட்டுமே.

அப்பாதையில் வருவனவற்றுள் வீட்டுக்கு மிக அருகில் இறங்குவது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, புரட்டாதி, ஐப்பசியில் இரவிரவாகப் பறந்து கடல் கடந்து வரும் இக்குருவி, களைத்துப்போய்க் கிணற்றடியிலோ வாழைகளின் கீழோ விழுந்துகிடப்பதும், விளக்கொளியில் மயங்கி வீட்டுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. பச்சை முதுகு, இறகில் நீலத் திட்டு, கண்ணின் குறுக்கே தடித்த கறுப்புப் பட்டை, வெண்தொண்டை, அடிவயிற்றில் குருதிச் சிவப்பு என இத்தனை நிறங்கள் இருந்தும், சருகைப் புரட்டிப் புழு தேடியபடி நிழலிலேயே தத்தித் திரிவதால் அது கண்ணில் படுவது குறைவு. காலையிலும் மாலையிலும் எழும் அதன் ஈரசைச் சீழ்க்கையே அது வந்திருப்பதைச் சொல்லும். எண்ணிக்கையால் அரியதன்று, காட்சியால் அரியது என்பதே அதற்குப் பொருத்தமான மதிப்பீடு. களைத்து விழுந்த குருவிக்கு வலிந்து நீர் புகட்டாமல், காற்றோட்டமுள்ள மட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, பூனை அண்டாமல் காத்து, தெளிந்தபின் மரநிழலில் விட்டுவிடுவதே தக்க உதவி.

இப்படி வரும் பறவைகளை ஏட்டில் பதிவது புதிதன்று. லெக் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி 1878 முதல் 1880 வரை பகுதிகளாக வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு, இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பின்னர் உள்நாட்டுப் போர் நீடித்த காலத்தில் வெளி ஆய்வாளர்கள் வன்னிக்குள் வருவது அரிதாகிப்போனதால், இங்கே எந்தப் பறவை எப்போது வந்தது என்ற ஏட்டில் நீண்ட வெற்றிடம் விழுந்தது. குடிபெயர்ந்து அலைந்த மக்களிடம் அதை எழுதிவைக்கும்படி கேட்டிருக்கவும் முடியாது. ஆகவே இன்று காலபோக வயலுக்குப் போகும் ஒருவர், தாம் கண்டதன் நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, இயன்றால் ஒரு படத்தையும் சேர்த்து இ-பேர்ட் போன்ற பொதுப் பதிவேட்டில் இட்டால், அது பொழுதுபோக்கைத் தாண்டிய பெறுமதி கொண்டதாகிறது. வழக்கமான பறவைகளையும் விடாது குறித்தால்தான், வழக்கத்துக்கு மாறாக ஒன்று வந்திறங்கும் நாளில் அதை இனங்காண முடியும்.