முடி மழிக்கப்பட்ட நாய் ஏன் ஒளிந்துகொள்கிறது?

ஃபேஸ்புக் சமூக வலைத்தளத்தின் மூலம் 2010ஆம் ஆண்டு வாக்கில் உலகப் புகழ் பெற்றது பூ என்று பெயரிடப்பட்ட அமெரிக்கப் பொமரேனியன் நாய். ஒட்ட நறுக்கிய முடியும் உருண்டை முகமுமாக, பொம்மைக் கரடியைப் போலத் தோன்றிய அதன் படங்கள் 2011ல் புத்தகமாகவும் வெளிவந்தன. அந்த நாய் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தது. ஆனால் அதே போன்று முடி வெட்டித் தருமாறு நாய்களுக்கான முடிதிருத்தும் நிலையங்களில் கேட்கும் வழக்கம் இன்றும் பல நாடுகளில் நீடிக்கிறது.

அழகு மட்டுமே இதற்குக் காரணமல்ல. கோடை வெப்பத்தில் மூச்சிரைக்கும் நாய்க்கு, அடர்ந்த முடியை அகற்றிவிட்டால் இதமாக இருக்கும் என்று எண்ணுவோரும் ஏராளம். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சிங்கப்பூரில், அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய வகை நாய்களையே வளர்க்கலாம். குளிர்ப் பிரதேசத்து மூதாதையரின் முடியைத் தாங்கிய பொமரேனியனும், நீண்ட முடி கொண்ட ஷிட்சூவும் அந்தப் பட்டியலில் அடங்கும். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலருக்கும் இந்தக் கேள்வி ஆண்டு முழுவதும் எழுகிறது.

முடி மழிக்கப்பட்டு வீடு திரும்பும் நாய், உரிமையாளர் எதிர்பார்த்தபடி எப்போதும் நடந்துகொள்வதில்லை. சில நாய்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கின்றன. சில, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு நடக்கின்றன. நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென உட்கார்ந்து தமது பின்புறத்தைத் திரும்பிப் பார்ப்பதும், சுவரிலும் தரைவிரிப்பிலும் உடலைத் தேய்ப்பதும், ஒரே இடத்தை விடாமல் நக்குவதும் உண்டு. வேறு சில நாய்களோ பாரம் இறங்கியது போல் வீடெங்கும் துள்ளி ஓடுகின்றன.

வெட்கமா, வேறு காரணமா?

ஒளிந்துகொள்ளும் நாயைப் பார்த்து, "வெட்கப்படுகிறது" என்று கூறிச் சிரிப்பது வழக்கம். ஆனால் நாயின் முகபாவத்தை மனிதர்கள் தவறாக வாசிக்கக்கூடும் என்பதை, நியூயார்க்கில் பணியாற்றும் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. தின்னக் கூடாது என்று தடுக்கப்பட்ட உணவைத் தின்ற நாய்களையும், தின்னாத நாய்களையும் அவர் ஒப்பிட்டார். உரிமையாளர்கள் குற்ற உணர்வு என்று கருதிய பார்வை, நாய் தவறு செய்ததா என்பதைப் பொறுத்து வெளிப்படவில்லை. உரிமையாளர் அதட்டினாரா என்பதைப் பொறுத்தே அது வெளிப்பட்டது.

அந்த ஆய்வு முடி மழிப்பதைப் பற்றியது அல்ல. எனினும், நாய் தன் தோற்றத்தை எண்ணிக் கூசுகிறது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரக் கூடாது என்பதற்கு அது ஒரு பாடம். வீட்டார் ஒன்றுகூடி உரக்கச் சிரிப்பதும், விரல் நீட்டிக் காட்டுவதும், வழக்கத்துக்கு மாறான குரலில் பேசுவதும் நாயைக் குழப்பமடையச் செய்யலாம். அப்போது அது விலகிச் செல்வது, வெட்கத்தைக் காட்டிலும் மனிதரின் நடத்தைக்கான எதிர்வினையாகவே இருக்கக்கூடும்.

உடல் சார்ந்த காரணங்களும் உள்ளன. முடியின் ஒவ்வொரு வேர்ப்பையைச் சுற்றிலும் தொடுவுணர்வு நரம்புகள் அமைந்துள்ளன. அடர்ந்த முடி அகற்றப்பட்டதும், அதுவரை தோலை எட்டாத காற்றும், தரையின் குளிர்ச்சியும், தன் வாலின் உரசலும் கூட நேரடியாக உணரப்படுகின்றன. மழிக்கப்பட்ட முடியின் கூரிய நுனிகளும் அரிப்பை ஏற்படுத்தலாம். நாய் திடீரென உட்கார்ந்து பின்னால் பார்ப்பதற்கு இந்தப் புதிய உணர்வுகள் காரணமாகலாம்.

இவற்றுடன் முடிதிருத்தும் நிலையத்தின் அனுபவமும் சேர்கிறது. இயந்திரத்தின் இரைச்சல், அதிர்வு, மேசையில் கட்டுண்டு நிற்கும் களைப்பு, பிற நாய்களின் குரைப்பு ஆகியவற்றைக் கடந்து வரும் நாய், சில மணி நேரம் தனிமையை நாடுவது இயல்பே. மேலும், சோப்பும் நறுமணப் பொருளும் அதன் உடல் வாசனையை மாற்றிவிடுகின்றன. மோப்பத்தைக் கொண்டே உலகை அறியும் விலங்குக்கு இது சிறிய மாற்றமல்ல. அதே வீட்டில் வளரும் மற்றொரு நாய், திரும்பி வந்த தன் தோழனை நெடுநேரம் முகர்ந்து பார்ப்பதும், சில வேளைகளில் உறுமுவதும் இதனால்தான்.

வலியின் அறிகுறிகள்

ஆனால் எல்லா எதிர்வினைகளையும் பழக்கமின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. தொடர்ந்து இயங்கும் இயந்திரத்தின் கத்தி சூடேறும். அது தோலில் பட்டாலோ, மிக ஒட்ட மழித்தாலோ, சிவந்த எரிச்சல் உண்டாகும். வயிறு, தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி போன்ற மெல்லிய தோல் உள்ள இடங்களில் இது அதிகம் ஏற்படுகிறது. நாய் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் அங்கு தோல் சிவந்திருக்கிறதா, கீறல் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். நக்கலும் சொறிதலும் தொடர்ந்தால் அந்த இடம் புண்ணாகி நோய்த்தொற்று ஏற்படலாம்.

காதுகளிலும் கவனம் தேவை. காதில் கனமாகச் சிக்குப் பிடித்திருந்த முடி அகற்றப்பட்டதும், சில நாய்கள் தலையை வேகமாக உதறத் தொடங்கும். இவ்வாறு உதறுவதால் காது மடலில் இரத்த நாளங்கள் சிதைந்து, இரத்தம் தேங்கி வீங்கக்கூடும். அத்தகைய வீக்கம் தென்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெப்பம் பற்றிய தவறான எண்ணம்

கம்பளி ஆடையைக் கழற்றினால் மனிதருக்குக் குளிர்ச்சி கிடைப்பது போல, முடியை மழித்தால் நாய்க்கும் குளிர்ச்சி கிடைக்கும் என்ற வாதம் எளிமையாகத் தோன்றுகிறது. ஆனால் மனிதர் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ச்சி அடைகின்றனர். நாய்க்கு அவ்வாறு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில்தான். மூச்சிரைத்து, நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது தன் உடல் வெப்பத்தை முக்கியமாகத் தணிக்கிறது.

மேலும், முடி வெப்பத்தை உள்ளே அடைத்து வைப்பதோடு, வெளி வெப்பம் உள்ளே புகுவதையும் தடுக்கிறது. சகாரா பாலைவனத்தில் ஒட்டகங்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர் க்னுட் ஷ்மிட்-நீல்சனும் அவரது குழுவினரும், முடி வெட்டப்பட்ட ஒட்டகம் வெட்டப்படாததைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாக நீரை இழந்ததை 1950களில் கண்டறிந்தனர். நாய் ஒட்டகத்தைப் போல வியர்ப்பதில்லை என்றாலும், வெயிலுக்கு எதிராக முடி ஒரு கவசம் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கும் நாய்க்கு முடியின் நீளத்தைக் குறைப்பது ஓரளவு உதவக்கூடும். வெயிலில் நடக்கும் நாய்க்கோ, மழித்த தோல் புண்படும் ஆபத்து உண்டு. வெண்ணிற முடியும் வெளிறிய தோலும் கொண்ட நாய்களுக்கு, நீண்ட காலம் வெயில் படுவது தோல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். நீண்ட முடியை நறுக்கலாம், ஆனால் ஒருபோதும் மழிக்கக் கூடாது என்பது விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பதற்கான அமெரிக்க அமைப்பான ஏஎஸ்பிசிஏயின் அறிவுரை.

திரும்ப வளருமா?

பூடில் போன்ற நாய்களின் முடி நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருப்பதால், அதை அவ்வப்போது வெட்டியே ஆக வேண்டும். ஆனால் சைபீரியன் ஹஸ்கி, சமோயெட், பொமரேனியன் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. உள்ளே மென்மையான அடர்முடியும், மேலே நீண்ட காப்பு முடியும் உள்ளன. இத்தகைய நாய்களின் முடி வேர்கள் பெரும்பாலான காலம் ஓய்வு நிலையிலேயே இருக்கும்.

லாப்ரடார் நாய்களில் மழிக்கப்பட்ட முடி பழைய நீளத்தை எட்டச் சராசரியாக 13 முதல் 15 வாரங்கள் வரை ஆனதாக 2004ல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. ஹஸ்கி, பொமரேனியன் போன்றவற்றில் அது ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாகவும், நிறமும் தன்மையும் மாறியும் வளர்கிறது. நீண்ட காலம் முடி வளராவிட்டால், தைராய்டு சுரப்பிக் குறைபாடு, குஷிங் நோய் போன்ற ஹார்மோன் கோளாறுகள் உள்ளனவா என்று மருத்துவர்கள் பரிசோதிப்பர்.

மழிக்க வேண்டிய தருணம்

மழிப்பதே இரக்கமான செயலாக அமையும் சூழ்நிலைகளும் உண்டு. கடுமையாகச் சிக்குப் பிடித்த முடி, ஒவ்வோர் அசைவிலும் தோலை இழுத்து வலி தருகிறது. அதன் அடியில் ஈரமும் அழுக்கும் தேங்கிப் புண்கள் உருவாகின்றன. ஈக்கள் முட்டையிட்டுப் புழுக்கள் பெருகுவதும் உண்டு. அந்நிலையில் சீப்பால் இழுத்துப் பிரிக்க முயல்வது நாயை மேலும் வதைப்பதாகும். அறுவை சிகிச்சை, ஸ்கேன் பரிசோதனை, சில தோல் நோய்களுக்கான சிகிச்சை ஆகியவற்றுக்கும் மழிப்பது தேவைப்படுகிறது. சிக்கு நீங்கியதும் துள்ளி ஓடும் நாய்கள், உண்மையில் ஒரு வலியிலிருந்து விடுபட்டவை.

மற்றபடி, இரண்டு அடுக்கு முடி கொண்ட நாய்க்கு உதிரும் உள்முடியைத் தவறாமல் வாரி அகற்றுவதே வெப்பத்துக்கான நல்ல தீர்வு. அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் நடக்க அழைத்துச் செல்வதும், நிழலும் குடிநீரும் எப்போதும் கிடைக்கச் செய்வதும் மழிப்பதைக் காட்டிலும் அதிகப் பயன் தரும்.

ஏற்கனவே மழித்துவிட்டால், சில வாரங்களுக்கு வெயிலில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதருக்கான வெயில் காப்புக் களிம்புகள் பலவற்றில் உள்ள துத்தநாக ஆக்சைடு, நாய் நக்கி விழுங்கினால் நச்சாகும் என்பதால் அவற்றைப் பூசக் கூடாது. குளிரூட்டப்பட்ட அறையில் நாய் நடுங்கினால் ஒரு துணி விரிப்பு போதுமானது. ஒளிந்திருக்கும் நாயை வலிந்து வெளியே இழுக்காமல், வழக்கமான குரலில் பேசி, வழக்கமான நேரத்தில் உணவளித்தால் பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாட்களில் இயல்புக்குத் திரும்பிவிடும். அதன் பின்னரும் உண்ணாமல் ஒதுங்கியிருந்தாலோ, தொட்டவுடன் சிணுங்கினாலோ, அது கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை.